பாய்லரும் வாக்குச்சீட்டும்: எரிசக்தி மாற்றம் ஜனநாயகத்தை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023இல் ஜெர்மனியில் வீட்டுப் பாய்லரைப் பற்றிய ஒரு சட்டம் ஆளும் கூட்டணியை உலுக்கியது. வலதுசாரித் தீவிரக் கட்சிக்கு அது பெரிய தீனியானது. காலநிலை மாற்றத்தைத் தடுக்க வேண்டும் என்பதில் பெரும்பாலோருக்கு ஐயமே இல்லாத நாடு அது. அங்கே இப்படி ஏன் நடந்தது என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும், அவற்றைத் தொட்டு வரும் வேறு சிலவற்றையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எரிசக்தி மாற்றம் பொறியாளர்கள் பார்க்க வேண்டிய வேலை. அதில் ஜனநாயகம் எங்கே வருகிறது?

காற்றாலையைச் சுழல வைப்பது பொறியாளர் வேலைதான். ஆனால் அது யார் நிலத்தில் நிற்கும், மின்கம்பி யார் வயலுக்கு மேல் போகும், சுரங்கத்தை மூடினால் யாருக்கு வேலை போகும், புதிய கருவி வாங்க யார் கடன்படுவது என்பதையெல்லாம் எந்தப் பொறியாளரும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. அவை பேசித் தீர்க்க வேண்டியவை.

தாராளவாத ஜனநாயகம் என்பதைத் தேர்தலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. வென்றவர் நினைத்ததையெல்லாம் செய்துவிட முடியாதபடி நீதிமன்றம், எதிர்க்கட்சி, பத்திரிகை, சிறுபான்மையினர் உரிமை என்று பல தடுப்புகளை வைத்திருக்கும் ஏற்பாடு அது. இந்தத் தடுப்புகளுக்கு நேரம் பிடிக்கும். கரியமில வாயுவோ காத்திருக்காது. இந்த இரண்டு கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால்தான் இவ்வளவு சிக்கலும்.

அந்த ஜெர்மன் சட்டம் என்ன சொன்னது?

நமக்குச் சூடேற்றி என்றால் குளியலறை கீசர்தான் நினைவுக்கு வரும். ஜெர்மனியில் குளிர்காலம் முழுக்க வீட்டையே சூடாக வைத்திருக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழப் பாதி வீடுகள் எரிவாயுவையும் கால்வாசி வீடுகள் எண்ணெயையும் நம்பியிருக்கின்றன. ஒரு பாய்லர் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடும். 2045க்குள் நாடு கரியமில வாயு வெளியேற்றத்தைச் சமன்செய்தாக வேண்டும் என்றால், இன்று பொருத்தும் எரிவாயு பாய்லர் அந்தக் கெடுவைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். கணக்கு சரியானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

எனவே 2024 ஜனவரி 1 முதல் புதிதாகப் பொருத்தப்படும் எந்தச் சூடேற்றியும் குறைந்தது 65 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் ஓட வேண்டும் என்றது வரைவு. நடைமுறையில் பெரும்பாலானோருக்கு அது ஹீட் பம்ப் என்றே பொருள்பட்டது. நம் ஏ.சி. அறையின் சூட்டை வெளியே தள்ளுகிறது. அதைத் திருப்பிப் போட்டால், வெளியே உள்ள சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டு வரும் ஹீட் பம்ப் கிடைத்துவிடும். கருவி அருமையானது. நிறுவும் செலவோடு பார்த்தால் விலை மட்டும் எரிவாயு பாய்லரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பழைய வீடென்றால் இன்னும் கூடும்.

ஓடிக்கொண்டிருக்கும் பாய்லரை உடனே கழற்றச் சொல்லி அந்த வரைவில் இல்லை. பழுதானால் சரிசெய்துகொள்ளலாம் என்றுகூட இருந்தது. இது பலருக்குப் போய்ச் சேரவே இல்லை.

பிறகு ஏன் அவ்வளவு கொதிப்பு?

நடந்த வரிசையைப் பார்த்தால் புரியும். இந்த யோசனை திடீரென்று வானத்திலிருந்து குதித்ததல்ல. சமூக ஜனநாயகக் கட்சி, பசுமைக் கட்சி, சுதந்திர ஜனநாயகக் கட்சி மூன்றும் சேர்ந்த கூட்டணி அரசு 2022 மார்ச்சிலேயே, உக்ரைன் போர் தொடங்கிய ஒரு மாதத்தில், இதை முடிவு செய்திருந்தது. ரஷ்ய எரிவாயுவிலிருந்து விடுபட வேண்டிய அவசரம். அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு மக்களிடம் யாரும் இதைப் பற்றி விரிவாகப் பேசவில்லை. 2023 பிப்ரவரி 28 அன்று, அமைச்சகங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்த வரைவு கசிந்து ‘பில்ட்’ நாளிதழில் வெளியானது. பொருளாதார, காலநிலை அமைச்சர் ராபர்ட் ஹாபெக் பாய்லர்களைத் தடை செய்யப்போகிறார் என்று செய்தி. ‘சூடேற்றிச் சம்மட்டி’ என்று அந்தப் பத்திரிகை வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

கசிந்த அன்று மக்கள் கேட்ட முதல் கேள்வி: “பணம் யார் தருவார்?” அதற்கு அரசிடம் தயாரான பதில் இல்லை. மானியத் திட்டம் ஏப்ரலில் ஓர் உருவம் எடுத்தது, கோடையில் மாறியது, செப்டம்பரில்தான் முடிவானது. கடைசியில் வந்த மானியம் உண்மையில் தாராளமானது: அடிப்படையாக 30 விழுக்காடு, ஆண்டு வருமானம் 40,000 யூரோவுக்குள் இருக்கும் வீட்டு உரிமையாளருக்குக் கூடுதலாக 30, சீக்கிரம் மாற்றினால் இன்னும் 20, எல்லாம் சேர்த்து உச்சவரம்பு 70 விழுக்காடு. இதைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். கட்டளை முதலில் வந்தது, உதவி ஏழு மாதம் கழித்து வந்தது. அந்த ஏழு மாதமும் அச்சம்தான் பேசியது.

இரண்டாவது கேள்வி இன்னும் நியாயமானது: “என் தெருவுக்கு நகராட்சியின் சூடுநீர்க் குழாய் வருமா, வராதா?” ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் ஒரே இடத்தில் நீரைச் சூடாக்கிக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய் நாலு ஆண்டில் வரும் என்றால் இன்று எதற்கு ஹீட் பம்ப் வாங்க வேண்டும்? பெரும்பாலான ஊர்களிடம் அதற்கான வரைபடம் இல்லை. ஜூனில் நடந்த சமரசத்தில்தான், முதலில் ஊர் வெப்பத் திட்டம், பிறகே பழைய வீடுகளுக்குக் கட்டாயம் என்று வரிசை மாறியது. ஒரு லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களுக்கு 2026 நடுப்பகுதி வரை, மற்ற ஊர்களுக்கு 2028 நடுப்பகுதி வரை கெடு. இந்த வரிசையை முதலிலேயே வைத்திருக்கலாம் என்பது சட்டத்தின் ஆதரவாளர்களில் பலரும் பிறகு ஒப்புக்கொண்ட உண்மை.

அந்த வேளையில் அமைச்சகத்தில் இன்னொரு காயமும் பட்டது. இந்தச் சட்டத்தின் மூளையாகக் கருதப்பட்ட அமைச்சகச் செயலாளர் பாட்ரிக் கிரைஷென், தன் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவரை அரசு எரிசக்தி முகமையின் தலைவராகத் தேர்ந்தெடுத்த குழுவில் தானே இருந்தது வெளியாகி, மே மாதம் பதவியிழந்தார். உன் வீட்டுக்குள் நுழைந்து செலவு வைப்பவர் தன் ஆளுக்கு நாற்காலி பார்க்கிறார் என்ற எண்ணம் வந்துவிட்டால், மானிய அட்டவணையை எவ்வளவு பொறுமையாக விளக்கினாலும் காது கொடுத்துக் கேட்பார் இருக்க மாட்டார்கள்.

இது பத்திரிகையும் எதிர்க்கட்சிகளும் கிளப்பிய பீதி என்கிறார்களே?

பாதி உண்மை. ‘பில்ட்’ செய்தது மிகைப்படுத்தல். கூட்டணிக்குள்ளேயே சுதந்திர ஜனநாயகக் கட்சி, அமைச்சரவையில் ஒப்புதல் தந்துவிட்டு வெளியே வந்து எதிர்த்தது. அதன் தலைவரும் நிதியமைச்சருமான கிறிஸ்டியன் லிண்ட்னர், ஒப்புதலோடு ஒரு மறுப்புக் குறிப்பையும் சேர்த்தே வைத்தார். 2023 ஜூன் 10 அன்று பவேரியாவின் எர்டிங் நகரில் பல்லாயிரம் பேர் திரண்ட கூட்டத்தில் அந்த மாநிலத் துணை முதல்வர் ஹூபர்ட் ஐவாங்கர், அமைதியாக இருக்கும் பெரும்பான்மை ஜனநாயகத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று முழங்கினார். அமைச்சரவை கொண்டுவந்து, நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படவிருந்த ஒரு மசோதா அது. அதைக் காரணம் காட்டி, நாட்டில் ஜனநாயகமே பறிபோய்விட்டது போலத் துணை முதல்வர் பொறுப்பில் இருப்பவர் பேசியது என்னை இன்றும் கலங்க வைக்கிறது.

ஆனாலும் முழுப் பழியையும் அங்கே போட முடியாது. பீதி பரவுவதற்கு இடம் வேண்டும். ஓராண்டு மௌனம் அந்த இடத்தைக் கொடுத்தது.

நீதிமன்றம் ஏன் குறுக்கே வந்தது?

சட்டம் சரியா தவறா என்பதற்குள் நீதிமன்றம் போகவில்லை. ஜூலை 7 அன்று வாக்கெடுப்பு நடத்தத் திட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கத் திருத்தங்கள் உறுப்பினர்கள் கைக்குச் சில நாள்களுக்கு முன்தான் வந்தன. எதிர்க்கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் உறுப்பினர் தோமாஸ் ஹைல்மான், படித்துப் பார்க்கவே நேரம் தரவில்லை என்று கார்ல்ஸ்ரூவில் உள்ள அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார். ஜூலை 5 இரவு வாக்கெடுப்பை நீதிமன்றம் தடுத்தது. மசோதா செப்டம்பர் 8 அன்று நிறைவேறியது.

இரண்டு மாதத் தாமதம். காலநிலை ஆர்வலர்கள் பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகப்பட்டது. கோடிக்கணக்கான வீடுகளைத் தொடும் சட்டத்தை, வாக்களிப்பவரே படிக்காமல் கைதூக்குவது நல்ல நோக்கத்துக்காக என்றாலும் கெட்ட பழக்கம்.

அதே நீதிமன்றம்தான் 2021இல், அரசின் காலநிலைச் சட்டம் போதாது, 2030க்குப் பிந்தைய சுமையை இளைய தலைமுறையின் தலையில் கட்டுகிறது, அது அவர்களது சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்று தீர்ப்பளித்தது. இளைஞர்கள் போட்ட வழக்கு அது. அதன் பிறகே சமநிலை இலக்கு 2050இலிருந்து 2045க்கு முன்னே வந்தது. அதே நீதிமன்றம்தான் 2023 நவம்பர் 15 அன்று, கொரோனாவுக்கென்று அனுமதித்த 60 பில்லியன் யூரோ கடனைக் காலநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்றது. பாய்லர் மானியமும் அந்த நிதியிலிருந்து வருவதுதான். அந்தப் பண ஓட்டையைச் சுற்றியே கூட்டணி சண்டையிட்டு, 2024 நவம்பரில் உடைந்தது. ஒரே மன்றம் ஒரு முறை முடுக்கியது, இரு முறை பிடித்து நிறுத்தியது. மூன்றிலும் அது கேட்டது, உங்கள் வசதிக்காக யாருடைய உரிமையைத் தாண்டிப் போகிறீர்கள் என்பதே.

தீவிர வலதுசாரிகள் வளர்ந்ததற்கு இதுதான் காரணமா?

இது மட்டும் என்று சொல்வது தவறு. ‘ஜெர்மனிக்கான மாற்று’ என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஏ.எஃப்.டி. கட்சி 2021 தேர்தலில் 10.3 விழுக்காடு பெற்றது. 2023 கோடையில் கருத்துக் கணிப்புகளில் 20ஐத் தொட்டது. 2025 பிப்ரவரி தேர்தலில் 20.8 விழுக்காட்டுடன் இரண்டாம் இடம். குடியேற்றம், விலைவாசி, போர் எல்லாம் இந்த ஏற்றத்தில் உண்டு. ஆனால் பாய்லர் சண்டை உச்சத்தில் இருந்த 2023 ஜூனில்தான் அந்தக் கட்சிக்கு முதன்முறையாக ஒரு மாவட்ட ஆட்சித் தலைவர் பதவி கிடைத்தது, தூரிங்கியா மாநிலத்தின் சோனெபெர்க்கில். மாவட்டத் தலைவருக்கும் பாய்லர் சட்டத்துக்கும் தொடர்பே கிடையாது. இருந்தும் பெர்லின் மீதான கோபம் அங்கே போய் இறங்கியது.

மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு இன்னொரு சாட்சி கடைக் கணக்கு. 2023இல் எண்ணெய் பாய்லர் விற்பனை ஏறத்தாழ இரட்டிப்பாகி 1,12,500 ஆனது; எரிவாயு பாய்லர் 7,90,500 விற்றது. தடை வருமுன் வாங்கிவிட வேண்டும் என்ற ஓட்டம். ஹீட் பம்ப் 2023இல் 3,56,000. அடுத்த ஆண்டு 1,93,000ஆகச் சரிந்தது. கரியமில வாயுவைக் குறைக்க எழுந்த பேச்சு, இன்னும் இருபது ஆண்டு புகையும் பாய்லர்களை வீடுகளுக்குள் கொண்டு வைத்துவிட்டுப் போனது. இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பிரான்ஸின் மஞ்சள் அங்கிப் போராட்டமும் இதே கதையா?

கிட்டத்தட்ட. எரிபொருளில் உள்ள கரிம வரியை 2014இல் டன்னுக்கு 7 யூரோவில் தொடங்கி, 2018இல் 44.6க்கு ஏற்றியிருந்தார்கள். 2019 ஜனவரியில் டீசலுக்கு லிட்டருக்கு இன்னும் ஆறரை சென்ட் ஏறவிருந்தது. அதற்கு முன்பே, அதே ஆட்சி பெரும் செல்வர்களின் சொத்து வரியை நீக்கி, வீடு மனைக்கு மட்டுமான வரியாகச் சுருக்கியிருந்தது. பேருந்து வராத சிற்றூரில் இருந்து வேலைக்குக் காரில் போகிறவர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 2018 நவம்பர் 17 அன்று கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர், ஒவ்வொரு காரிலும் சட்டப்படி இருக்க வேண்டிய மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு சாலைச் சந்திப்புகளில் உட்கார்ந்தார்கள். உலகம் முடிவதைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள், மாதம் முடிவதைப் பற்றி நாங்கள் கவலைப்படுகிறோம் என்ற சொல் அப்போது பரவியதுதான்.

டிசம்பர் முதல் வாரத்திலேயே அரசு வரி உயர்வைக் கைவிட்டது. அதற்குள் காவல்துறையின் ரப்பர் குண்டுகளிலும் எறிகுண்டுகளிலும் காயம்பட்டவர்கள் ஏராளம். அந்தப் போராட்டக் காலம் முடிவதற்குள் இருபதுக்கு மேற்பட்டோர் ஒரு கண்ணை இழந்தார்கள். கரிம வரி அதன்பின் 44.6ஐத் தாண்டவே இல்லை.

பிறகு ஒரு நல்ல முயற்சியும் நடந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 150 சாதாரண மக்கள் 2019 அக்டோபர் முதல் 2020 ஜூன் வரை கூடி, வல்லுநர்களைக் கேட்டு, தங்களுக்குள் வாதாடி, 149 பரிந்துரைகளைத் தந்தார்கள். தீயணைப்பு வீரர், செவிலியர், மாணவர், ஓய்வுபெற்றவர் என்று பலதரப்பட்டவர்கள். வல்லுநர்கள் தயங்கியதைக்கூட அவர்கள் துணிந்து சொன்னார்கள். வடிகட்டாமல் அப்படியே எடுத்துக்கொள்வேன் என்று வாக்குத் தந்த அதிபர் எமானுவேல் மக்ரோன் பிறகு நிறையவே வடிகட்டினார். 2021 பிப்ரவரியில் அதே 150 பேர் கூடி, தங்கள் பரிந்துரைகளை அரசு எடுத்துக்கொண்ட விதத்துக்குப் பத்துக்கு 3.3 மதிப்பெண் போட்டார்கள். கேட்டுவிட்டு ஒதுக்குவது கேளாமலே இருப்பதைவிடக் கசப்பை வளர்க்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மக்களிடம் கேட்டால் ‘வேண்டாம்’ என்றுதானே சொல்வார்கள்?

சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். அங்கே சட்டத்துக்கே நேரடி வாக்கெடுப்பு. 2021 ஜூன் 13: பெட்ரோல், விமானப் பயணம், சூடேற்றும் எண்ணெய் இவற்றின் மீது கட்டணங்களைக் கூட்டும் சட்டம். 51.6 விழுக்காட்டினர் மறுத்தார்கள். வலதுசாரிகள் கொண்டாடினார்கள், காலநிலைக் கொள்கை செத்துவிட்டது என்று எழுதினார்கள்.

2023 ஜூன் 18: அதே மக்கள், 2050க்குள் கரிமச் சமநிலை என்ற இலக்கைச் சட்டமாக்க 59.1 விழுக்காடு ஆதரவு தந்தார்கள். பாய்லரையும் மின்சூடேற்றியையும் மாற்ற ஆண்டுக்கு 200 மில்லியன் பிராங்க் வீதம் பத்தாண்டுக்கு உதவி என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. பக்கத்து நாட்டில் ஜெர்மானியர்கள் பாய்லருக்காக வீதியில் நின்ற அதே ஜூன் மாதம். இரண்டு ஆண்டில் சுவிஸ் மக்களின் மனம் அடியோடு மாறிவிடவில்லை. அவர்கள் முன் வைக்கப்பட்ட சீட்டு மாறியது. முன்னதில் கட்டணம் கட்டச் சொன்னார்கள், பின்னதில் கை கொடுத்தார்கள். போரால் எரிவாயு விலை ஏறியதும் உதவியிருக்கும், அதை மறைக்கத் தேவையில்லை.

சீனாவைப் போல ஒரே ஆணையில் செய்துவிட்டால் வேகமாக முடியாதா?

இந்த வாதத்தை நல்ல மனம் படைத்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். சீனா 2024இல் மட்டும் 277 கிகாவாட் சூரிய மின்திறன் சேர்த்தது உண்மை. அதே ஆண்டில் 90 கிகாவாட்டுக்கு மேல் புதிய நிலக்கரி நிலையங்களைக் கட்டத் தொடங்கியதும் உண்மை.

பாய்லர் விஷயத்திலேயே சீனாவின் பாடம் இருக்கிறது. 2017இல் பெய்ஜிங்கைச் சுற்றியுள்ள நகரங்களில் காற்றைச் சுத்தமாக்க நிலக்கரி அடுப்புகளுக்குத் தடை போட்டார்கள். இலட்சக்கணக்கான வீடுகளில் அடுப்பைப் பிடுங்கினார்கள். பல ஊர்களில் எரிவாயுக் குழாய் வந்து சேரவில்லை, வந்த இடத்தில் எரிவாயு போதவில்லை. டிசம்பர் குளிரில் ஹெபெய் மாகாணத்தின் சூயாங் மாவட்டத்தில் பள்ளிக் குழந்தைகள், வகுப்பறை உறைந்து கிடந்ததால் வெளியே வெயிலில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். அந்தச் செய்தி வெளியான பிறகே, மாற்று ஏற்பாடு முடியாத இடங்களில் நிலக்கரியை எரிக்கலாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் இறங்கி வந்தது.

ஜெர்மனியில் கேள்வி வரைவுத் தாளிலேயே வெடித்தது. சீனாவில் குழந்தைகள் நடுங்கிய பிறகு வெடித்தது.

பழைய எரிசக்தி ஜனநாயகத்துக்கு நல்லதாகத்தான் இருந்ததா?

இல்லை. இதை மறந்துவிட்டுத்தான் பலரும் வாதாடுகிறார்கள். 2014இல் ரஷ்யா கிரீமியாவைப் பிடித்துக்கொண்ட பிறகும், 2015இல் ரஷ்ய எரிவாயுவை ஜெர்மனிக்குக் கொண்டுவரும் இரண்டாவது நார்ட் ஸ்ட்ரீம் குழாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். போருக்கு முன் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவினுடையது. அந்தக் குழாய்த் திட்டங்களின் நிறுவனப் பொறுப்பில் முன்னாள் சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடரே அமர்ந்திருந்தார். 2022 செப்டம்பரில் குழாய் வறண்டபோது, விலையைத் தாங்க 200 பில்லியன் யூரோ வரை ஒதுக்க வேண்டியிருந்தது. மலிவான எரிவாயு என்று நினைத்தார்கள், அதன் மிச்ச விலையை உக்ரைன் கட்டிக்கொண்டிருக்கிறது.

வெற்றிகரமாக நடந்த உதாரணம் உண்டா?

உண்டு, அதுவும் ஜெர்மனியிலேயே. கருங்காட்டுப் பகுதியில் ஷோனாவ் என்ற சிற்றூர், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். 1986இல் செர்னோபில் வெடித்ததும், குழந்தைகளுக்குப் பால் கொடுக்கலாமா, மணலில் விளையாட விடலாமா என்று பயந்த சில பெற்றோர் ஒன்றுகூடினார்கள். முதலில் மின்சாரத்தைச் சேமிக்கப் போட்டி வைத்தார்கள். வட்டார மின் நிறுவனம் உதவ மறுத்தது. ஊரின் மின்கம்பியையே நாமே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்டார்கள். 1991இலும் 1996இலும் ஊரில் இரண்டு வாக்கெடுப்பு. இரண்டிலும் வென்றார்கள். நாடெங்கும் நன்கொடை திரட்டி 1997இல் வலையமைப்பைக் கைக்கு எடுத்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவரான உர்சுலா ஸ்லாடெக் பள்ளி ஆசிரியப் படிப்புப் படித்தவர், ஐந்து குழந்தைகளின் தாய்.

2000இல் வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் இந்த மனநிலைக்கு உரம் போட்டது. கூரையில் சூரியத் தகடு வைத்தாலும் வயலில் காற்றாலை வைத்தாலும் இருபது ஆண்டுக்கு நிலையான விலை. வங்கிக்குப் போய் அந்த உறுதியைக் காட்டினால் கடன் கிடைத்தது. 2012 வாக்கில் நாட்டின் புதுப்பிக்கத்தக்க மின்திறனில் கிட்டத்தட்டப் பாதி தனி மனிதர்கள், விவசாயிகள், கூட்டுறவுகள் கையில் இருந்தது. தன் ஊர்க் காற்றாலையில் பங்கு வைத்திருப்பவருக்கு அதன் இரைச்சல் வேறு மாதிரி கேட்கும்.

அதிலும் ஒரு கசப்பு ஒளிந்திருந்தது. அந்த நிலையான விலைக்கான பணம் எல்லார் மின்கட்டணத்திலும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று பிடிக்கப்பட்டது, 2017இல் 6.88 சென்ட். பெரிய தொழிற்சாலைகளுக்குச் சலுகை. கூரை சொந்தமாக இல்லாத ஏழை கட்டினார், கூரை உள்ளவர் பெற்றார். 2022 ஜூலையில்தான் அந்தப் பிடித்தம் நின்றது. 2017 முதல் ஏலமுறை வந்ததும் சிறு கூட்டுறவுகளின் பங்கு தேயத் தொடங்கியது.

பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் போதுமா?

போதாது. நார்வேயின் ஃபோசன் தீபகற்பத்தில் 151 காற்றாலைகள் நிறுவினார்கள். சாமி என்ற தொல்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் கலைமான் மேய்க்கும் குளிர்கால மேய்ச்சல் நிலம் அது. 2021 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒரே குரலில், அந்த உரிமம் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது, செல்லாது என்றார்கள். காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. 500 நாள் கழித்து, 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்கள் எரிசக்தி அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். காலநிலைப் போராளி கிரேட்டா துன்பெர்க்கும் காற்றாலைக்கு எதிரான அந்தப் போராட்டத்தில் அவர்களோடு நின்றார். பிறகே அரசு மன்னிப்புக் கேட்டது, இழப்பீடும் மாற்று மேய்ச்சல் நிலமும் பேசி முடித்தார்கள். பச்சை மின்சாரம் என்பதால் தீர்ப்பை மதிக்காமல் இருக்கலாம் என்று ஓர் அரசு பழகிவிட்டால், அடுத்த முறை பச்சை நிறமே தேவைப்படாது.

ஜெர்மனியில் வாழும் தமிழர்களுக்கு இதில் என்ன?

அங்கே பாதிக்கு மேற்பட்ட மக்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஈழத்திலிருந்து அகதிகளாகப் போய்க் குடியேறிய குடும்பங்களிலும் வாடகைக்காரர்கள் பலர். பாய்லரைத் தேர்ந்தெடுப்பவர் வீட்டுக்காரர், எரிபொருள் கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர். புதிய சட்டத்தில், மானியம் வாங்கி ஹீட் பம்ப் வைக்கும் வீட்டுக்காரர் செலவில் பத்து விழுக்காடு வரை ஆண்டு வாடகையில் ஏற்றலாம். ஆனால் மாதத்துக்குச் சதுர மீட்டருக்கு 50 சென்டுக்கு மேல் போகக் கூடாது. குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கும் கிடையாது. செலவைச் சுமந்தும் வாக்களிக்க முடியாத அந்த மக்கள், பாய்லர் விவாதத்தில் ஒரு முறைகூட மையத்துக்கு வரவில்லை.

நம் பக்கத்தில் இதே கேள்வி எழுந்ததா?

மன்னாரில் எழுந்தது. தீவில் காற்று நன்றாக வீசும்; வலசைப் பறவைகள் வந்திறங்கும் வழியும் அதுவே, மீனவர் வாழ்விடமும் அதுவே. 2022 ஜூனில் இலங்கை நாடாளுமன்றம் மின்சாரச் சட்டத்தைத் திருத்தி, போட்டி ஏலம் இல்லாமலே பெரிய திட்டங்களைக் கொடுக்க வழி செய்தது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் திட்டம் அதானி குழுமத்துக்குப் போனது. யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்ற விலை, பறவைகள், ஏலமில்லாத முறை எல்லாமே உச்ச நீதிமன்ற வழக்குகளாகின. ஆட்சி மாறி விலையை மறுபரிசீலனை செய்யப்போவதாகச் சொன்னதும், 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. குறுக்கு வழியில் கிளம்பிய திட்டம், மூன்று ஆண்டுக்குப் பின்னும் ஒரு விசிறிகூடச் சுழலாமல் நின்றது. மன்னார் மக்கள் காற்றாலையே வேண்டாதவர்கள் என்று கொழும்பில் சிலர் சொல்கிறார்கள். எங்கே நிறுத்துவது, யாருக்கு என்ன மிஞ்சும் என்று திட்டத்துக்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால்தான் அந்தப் பேச்சுக்குப் பொருள் உண்டு.

ஜெர்மன் சட்டம் கடைசியில் என்ன ஆயிற்று?

2024 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2025 மேயில் பிரீட்ரிஷ் மெர்ஸ் தலைமையில் அமைந்த அரசின் கூட்டணி ஒப்பந்தம், அதை ஒழிப்போம் என்றே எழுதியிருக்கிறது. விந்தை என்னவென்றால், சத்தம் அடங்கிய பிறகு கடைக் கணக்கு திரும்பியது: 2025 முதல் ஆறு மாதத்தில், எரிவாயு பாய்லரைவிட ஹீட் பம்ப் அதிகம் விற்றது. மானியம் கையில் தெரிகிறது, அண்டை வீட்டுக் கருவி குளிரில் நிற்காமல் ஓடியதையும் பார்த்துவிட்டார்கள். ஊர் வெப்ப வரைபடங்களும் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. தன் தெருவுக்குச் சூடுநீர்க் குழாய் வருமா, ஹீட் பம்ப்தானா என்று இப்போது அந்த வரைபடத்தில் தேடிப் பார்க்க முடிகிறது. 2023 பிப்ரவரியில் அவர்கள் கேட்டது அதைத்தான்.